மூச்சுக்கு மேலே வந்த அயிரை

ஒரு கண்ணாடித் தொட்டியில் மூன்று தங்கமீன்களும் ஒரு சக்கர் மீனும் இருந்தன. தங்கமீன்கள் மேலே நீந்தும். சக்கர் மீன் கண்ணாடியை வாயால் கவ்விக்கொண்டு ஒட்டியிருக்கும். அடியில் யாரும் கிடையாது. மணல், நாலைந்து கூழாங்கல், தின்றது போக மிஞ்சிய தீனி. அவ்வளவுதான்.

வீடு போடியில். வீட்டுக்காரர் போஸ், அவர் மனைவி ஜெயக்கொடி. தொட்டி ஜெயக்கொடியுடைய ஆசை.

"அடியில மேயிற மீன் ஒண்ணு போடுங்க. மிச்சத் தீனியை அது பாத்துக்கிரும்" என்று மீன் கடைக்காரர் சொல்லியிருந்தார். போஸ் ஆற்றுக்குக் குளிக்கப் போனபோது துண்டை வலையாகப் பிடித்து ஓர் அயிரையை அள்ளினார். தூக்குவாளியில் போட்டுக் கொண்டுவந்து தொட்டியில் விட்டார்.

அயிரை விரல் நீளம். மண் நிறம். வாயோரத்தில் சின்ன மீசை. விட்டதும் நேராக அடிக்குப் போய் ஒரு கல்லின் நிழலில் படுத்துக்கொண்டது.

பெரிய தங்கமீன் கீழே எட்டிப் பார்த்தது. "யார்றா அது?"

"அயிரைண்ணே. ஆத்துல இருந்து வாரேன்."

"அயிரையா? குழம்பு மீனாச்சே! வழி தப்பி இங்க வந்துட்டியா? அடுப்படி அந்தப் பக்கம்!"

மற்ற இரண்டு தங்கமீன்களும் குமிழி விட்டுச் சிரித்தன.

"விட்டாக, வந்தேன்" என்றது அயிரை. "கீழ கிடக்குறேன். ஒங்களுக்கு எடைஞ்சல் இல்ல."

சொன்னபடியே கிடந்தது. வாயில் மணலை அள்ளும். சலிக்கும். மணலைச் செவுள் வழியே துப்பும். நடுவில் சிக்கிய தீனியைத் தின்னும். ஆற்றிலும் அதன் பிழைப்பு அதுதான். துப்பும்போது கொஞ்சம் தூசி எழும்பும். பிறகு அடங்கிவிடும். சில நாளில் தண்ணீர் பளிச்சென்று ஆனது.

வீட்டுக்கு வந்தவர்களெல்லாம், "மீசை வச்சவன் வந்த பெறகு தொட்டியே தனி அழகுதான்!" என்றார்கள்.

சக்கர் மீனுக்கு இது பொறுக்கவில்லை. அதுவரை தொட்டியைச் சுத்தம் செய்கிறவன் என்ற பெயர் அதற்கு இருந்தது. வேலை செய்து வாங்கிய பெயர் இல்லை. கண்ணாடியை நக்கிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். மோட்டார் குமிழி விடும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கேதான் காற்று நிறைய வரும்.

ஒருநாள் அது பெரிய தங்கமீனிடம் நகர்ந்து வந்தது.

"அண்ணே, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"அந்த அயிரைப் பய மண்ணைக் கிண்டிக்கிட்டே இருக்கான். தூசி எழும்புது. ஒங்க செதில்ல படியுது. நேத்து வந்த பொம்பள, 'பெரிய மீனு ஏன் மங்கலா இருக்கு'ன்னு கேட்டுச்சு. எனக்கு மனசு பொறுக்கல."

பெரிய தங்கமீன் கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்தது. இப்படித் திரும்பியது, அப்படித் திரும்பியது. மங்கலாகத்தான் தெரிந்தது. அப்படிச் சொல்லிவிட்டால் அப்படித்தான் தெரியும்.

"டேய் அயிரை! இனிமே மண்ணைக் கிண்டாத!"

"கிண்டலைன்னா மிச்சத் தீனி மண்ணுக்குள்ள போய் அழுகுமேண்ணே. அடி நாறிப் போகும்."

"சக்கரைக் கேட்டுட்டேன். அடியில எல்லாம் நல்லா இருக்காம்."

"அவன் என்னைக்குண்ணே அடிக்கு வந்தான்?"

"எதுத்தா பேசுற? கிண்டுனா வாலைக் கடிச்சுருவேன்!"

அயிரை கல்லுக்கு அடியில் போய்ப் படுத்தது. கல்லின் மேல் விழும் துணுக்கை மட்டும் தின்றது. மணலைத் தொடவில்லை.

ஜெயக்கொடி தாராளக் கை. தீனியை அள்ளிப் போடுவாள். தங்கமீன்கள் பாதியைத் தின்னும், பாதி கீழே இறங்கும். இறங்கியது மணலுக்குள் புகுந்தது. ஊறியது. அழுகியது. மேலே பார்த்தால் மணல் வெள்ளையாகத்தான் இருந்தது. ஒரு விரற்கடைக்குக் கீழே கறுத்துவிட்டது.

முதலில் அயிரைக்குத் தலை சுற்றியது. பிறகு செவுள் எரிந்தது. ஒருநாள் காலையில் மூச்சே முட்டியது. அது விருட்டென்று மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி ஒரு மடக்குக் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது.

தங்கமீன்கள் பதறிப் போயின.

"பாத்தியா! கிண்டாதன்னு சொன்னா, நம்ம எடத்துக்கே வந்துட்டான்!"

"தீனிக்கு வரலண்ணே" என்றது அயிரை. "கீழ மூச்சு விட முடியல. ஒரு வாய் காத்து எடுத்துட்டுப் போயிர்றேன்."

"நடிக்கான்" என்றது சக்கர் மீன். "எல்லாரும் ஒரே தண்ணியிலதான் கிடக்கோம். எனக்கு மூச்சு வருதே!"

பெரிய தங்கமீன் பாய்ந்து அயிரையின் வாலைக் கடித்தது. வால் நுனி கிழிந்தது. அயிரை கீழே ஓடியது. மூச்சு முட்டியது. மேலே வந்தது. மறுபடியும் கடி.

"ஒரு தடவை கீழ வந்து பாருங்கண்ணே! ஒரே ஒரு தடவை!"

"அடிக்கு வர்றதுக்கு நான் என்ன குழம்பு மீனா?"

தண்ணீர் சளசளவென்று அடிபடும் சத்தம் கேட்டு ஜெயக்கொடி வந்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்: தங்கமீன்கள் மிரண்டு ஒதுங்குகின்றன, அயிரை வாயைப் பிளந்துகொண்டு அங்கும் இங்கும் துள்ளுகிறது.

"ஏங்க! இந்த அயிரைக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. நல்ல மீனுகளை நிம்மதியா இருக்க விடல."

அன்று விருந்தாளிகள் வருவதாக இருந்தது. போஸ் கண்மாய் அயிரை வாங்கி வந்திருந்தார். அடுப்படியில் அது சட்டி நிறைய உயிரோடு நெளிந்தது.

"அப்ப அதையும் சட்டியில போடு" என்றார் போஸ்.

ஜெயக்கொடி டீ வடிகட்டியால் அயிரையைக் கோரி எடுத்தாள். சட்டியில் போட்டாள். மேலே பாலை ஊற்றினாள். உயிரோடு பாலில் விட்டால்தான் அயிரை வயிற்று மண்ணைக் கக்கும். அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சுத்தம் செய்வார்கள்.

தொட்டியில் ஒரே கொண்டாட்டம்.

"தொல்லை ஒழிஞ்சது!" என்றது பெரிய தங்கமீன்.

"எல்லாம் ஒங்க தெறமைண்ணே" என்றது சக்கர் மீன்.

கொண்டாட்டம் நீளவில்லை. அன்று ஊரில் மாதாந்திர மின்தடை. கரண்ட் போனது. மோட்டார் நின்றது. குமிழி நின்றது. அதுவரை அடியிலேயே கிடந்த கெட்ட தண்ணீர் மெல்ல மெல்ல மேலே ஏறியது.

சின்னத் தங்கமீன் ஒன்று சாய்ந்தது. இன்னொன்று மல்லாந்தது. பெரிய தங்கமீன் தண்ணீரின் விளிம்புக்கு வந்து வாயைப் பிளந்தது.

"டேய் சக்கர்! அடியில எல்லாம் நல்லா இருக்குன்னியே!"

"நான் எங்கண்ணே அடியில இருந்தேன்? நான் மோட்டார்கிட்டல்ல இருந்தேன்!"

"பெறகு எதுக்குடா சொன்ன?"

"கேட்டீங்க. சொன்னேன்."

சொல்லிவிட்டு சக்கர் மீனும் வாயை வெளியே நீட்டியது.

அந்த வழியாகப் போன ஜெயக்கொடி நின்றாள். இரண்டு மீன் மிதக்கிறது. மூன்றாவது வாயைப் பிளக்கிறது. இதே பிளப்பைக் காலையில்தான் பார்த்தாள்.

"ஐயையோ! அந்த அயிரையும் இப்படித்தானே செஞ்சது!"

கையை உள்ளே விட்டு மணலைக் கிளறினாள். கறுப்பாகக் கிளம்பியது. முட்டை அழுகின நாற்றம் மூக்கில் அடித்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. குடத்துத் தண்ணீரைத் தூக்கித் தொட்டியில் ஊற்றினாள். அப்படியே அடுப்படிக்கு ஓடினாள்.

போஸ் தரையில் உட்கார்ந்து அயிரையைக் கல்லுப்புப் போட்டு உரசிக்கொண்டிருந்தார். பாதி முடிந்திருந்தது. மீதி பாலில் நெளிந்தது.

"நிறுத்துங்க! நம்ம அயிரை எது?"

போஸ் சட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "எல்லாம் அயிரைதான்."

"விளையாடாதீங்க. நம்ம தொட்டியில கிடந்தது எதுங்க?"

"மூஞ்சியில பேரா எழுதியிருக்கு? துள்ளுறதுல ஒண்ணை எடுத்துப் போடு."

ஜெயக்கொடி பாலுக்குள் கையை விட்டாள். எல்லாம் விரல் நீளம். பால் பூசி எல்லாம் வெள்ளை. எல்லாவற்றுக்கும் மீசை. துள்ளிய ஒன்றைப் பிடித்தாள். "இதுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தண்ணீரில் அலசித் தொட்டியில் விட்டாள்.

கரண்ட் வந்தது. மோட்டார் ஓடியது. பெரிய தங்கமீனுக்கு உயிர் திரும்பியது. அது முதல்முறையாக அடிக்கு இறங்கியது. கல்லுக்குப் பக்கத்தில் அயிரை படுத்திருந்தது.

"தம்பி, தப்பு என் பேர்லதான். ஒன் வாலைக் கடிச்சுட்டேன். மனசுல வச்சுக்காத."

அயிரை வாலை ஆட்டிக் காட்டியது. வால் முழுசாக இருந்தது.

"என்னையாண்ணே? நான் இப்பத்தானே வந்தேன்!"

தங்கமீன் அந்த வாலைச் சுற்றி வந்து பார்த்தது. "வாலு கிழிஞ்சவன் ஒருத்தன் அங்க கிடந்தானா?"

"கிடந்தான். 'மேல விடுங்கண்ணே, மேல விடுங்கண்ணே'ன்னு பொலம்பிக்கிட்டே இருந்தான். எனக்கு முன்னாடியே அவனை உப்புக்கு எடுத்துட்டாக. அவன் பேரு என்னண்ணே?"

"கேட்டதில்ல" என்றது தங்கமீன்.

அடியில் கிடப்பவன் மூச்சுக்காக மேலே வந்தால், அவனை விரட்டும் முன் அடியை இறங்கிப் பார்க்க வேண்டும்.