ஆறு தரம் திறந்த கதவு

கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் எட்டுப் பேர் சனிக்கிழமைகளில் குறும்படம் எடுக்கப் பழகினோம். சொல்லித் தந்தவ கஸ்தூரி டீச்சர், வயது நாற்பத்தொன்று. எங்களில் மூத்தவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற விமலேந்திரன் அண்ணை, ஐம்பத்தெட்டு. வாயை மூடத் தெரியாத மனிசன்.

அன்றைக்கு ஒரு கனடாப் படம் பார்த்து முடிந்ததும் டீச்சர் அவரிடம் அபிப்பிராயம் கேட்டா.

“என்னத்தைச் சொல்ல? பனி கொட்டுது. ஒருத்தன் யன்னலால பாக்கிறான். பிறகும் பனி கொட்டுது. கடவுளே!”

“நல்லதா ஒண்டுமில்லையோ?”

“ஏன் இல்லை? ஆக்கள் ஆக்கள் மாதிரியே இருக்கினம். அழுதால் மூக்கும் சேர்ந்து ஒழுகுது. அதில பொய் இல்லை. ஆனால் முடிவு? அந்தக் கோதாரிதான் இவங்கட ஒரு படத்திலயும் இல்லை. கதையை நடு றோட்டில விட்டிட்டுப் போறாங்கள்.”

நாங்கள் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை.

வகுப்பு கலைந்த பிறகும் அண்ணை எழும்பவில்லை. கதிரைகளை அடுக்கிக்கொண்டு நானும் நின்றேன்.

அவர் எடுத்த படம் மறுநாள் திரையிடப்பட இருந்தது. ஈழத்தில் போர் முடிந்த கிழமை காணாமல்போன அவருடைய மகன் ஆரூரனைப் பற்றிய படம். தாயாக நடித்தது பெற்ற தாயேதான், அண்ணையின் மனிசி தவமலர் அக்கா. கடைசிக் காட்சியில் யாரோ கதவைத் தட்டுவார்கள். அக்கா திறப்பா. மகன் நிற்பான். கட்டிப்பிடித்து அழுவா. மகனாக நடித்தவன் அண்ணையின் தங்கச்சியின் பெடியன்.

“டீச்சர், கடைசிக் காட்சி எடுத்த நாளில இருந்து மனிசி என்னோட ஒரு சொல்லுக் கதைக்கிறேல்லை. நாளைக்கும் வரமாட்டாவாம், தங்கச்சியிட்டச் சொன்னவா. படத்தில என்ன பிழை? மறைக்காமல் சொல்லுங்கோ.”

“அந்தக் காட்சியை எத்தினை தரம் எடுத்தனீங்கள்?”

“ஆறு தரம். ஒருக்கா பெடியன் சிரிச்சுப்போட்டான். ஒருக்கா மைக் விழுந்துது. ஒவ்வொரு தரமும் அவனை வெளியில போகச் சொல்லி, கதவைச் சாத்தி, திரும்பவும்...”

அண்ணை வகுப்புக் கதவைப் பார்த்தார்.

“ஆறு தரமும் அக்காதானே திறந்தவா?” என்று டீச்சர் கேட்டா.

அண்ணை தலையாட்டினார். பாவி மனிசன், அப்போதுதான் அவருக்கே விளங்கியிருக்க வேணும்.

டீச்சர் கணினியைத் திறந்து கடைசிக் காட்சியை வெட்டி எடுத்தா. மிச்சத்தை ஓடவிட்டா. அக்கா யன்னலடியில் நிற்கிறா. வெளியில் பனி கொட்டுகிறது. கதவை ஒருவரும் தட்டவில்லை. படம் அவ்வளவுதான்.

அண்ணை கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதென்ன டீச்சர், அவங்கட படம் மாதிரியே...” என்று டீச்சர் பக்கம் திரும்பினார். “சனம் நிம்மதியா வீட்ட போகட்டுமெண்டுதானே முடிவு வைச்சனான். இப்பிடி விட்டால் எப்பிடிப் போகுங்கள்?”

டீச்சர் கதிரையில் கிடந்த அவருடைய குளிர் ஜக்கெற்றை எடுத்து நீட்டினா.

“நீங்கள் பதினைஞ்சு வருசமா எப்பிடி வீட்ட போறியளோ, அப்பிடித்தான் அண்ணை.”