மைனா முகம் கழுவாத நாள்

அந்தக் காலத்தில், பறவை ஏதாவது கேட்டால் மரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது மைனாவுக்கு நிறம் என்று ஒன்றும் கிடையாது. தலை, அலகு, கால் எல்லாம் ஒரே உமி நிறம். நாலு பேர் நடுவில் நின்றால் வீட்டுக்காரருக்கே அவளை அடையாளம் தெரியாது.

குளத்துக்கரைப் பனைமரத்துப் பொந்துதான் அவர்கள் வீடு. அங்கே இரண்டு முறை மைனா முட்டையிட்டாள். இரண்டு முறையும் உடும்பு ஏறிவந்து குடித்துவிட்டுப் போனான். மூன்றாவது முறை நான்கு முட்டை, வெளிர்நீலமாக. பொரிய இன்னும் ஒரே நாள்தான் இருந்தது. அன்றைக்குப் பார்த்து உடும்பு மரத்தடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தான்.

“என்ன தங்கச்சி, இந்தத் தடவை நாலாமே?”

“உங்களுக்கு யார் சொன்னா?”

“வாசனையே சொல்லுதே. இன்னைக்கு எனக்கு வயிறு நிறைஞ்சிருக்கு. நாளைக்கு உச்சிப்பொழுதுக்கு வர்றேன்.”

மைனா அழவில்லை. போன இரண்டு முறையும் அழுது பார்த்தாயிற்று. வீட்டுக்காரரை முட்டைமேல் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினாள்.

“எங்கே போறே?”

“வேஷம் கட்டப் போறேன். உடும்புக்குப் பயம்னா அது நல்லபாம்பு ஒண்ணுதான். திருவிழாவில கூத்துக்காரங்களைப் பார்த்தோமே, கொட்டகைக்குள்ள ஒல்லியா ஒருத்தர் போனார், வெளியே வரும்போது ராட்சசனா வந்தார். என்னால ஒரு பாம்பா ஆக முடியாதா?”

முதலில் பனைமரத்திடமே கேட்டாள். மட்டையடியில் வலைபோல் இருக்கும் பன்னாடையில் இரண்டு துண்டு கிடைத்தது, முகமூடிக்கு ஒன்று, தலைக்குப் பாம்புப் படம்போல் வளைக்க ஒன்று. இடிவிழுந்து கருகிய கருவேல மரம் கரி கொடுத்தது. மஞ்சள் செடி அத்தை, “புள்ளைங்களுக்குன்னா எடுத்துக்கோடி” என்று மண்ணுக்குள்ளிருந்து ஒரு விரல் மஞ்சளை நீட்டினாள். நத்தை மாமா, வீட்டில் சும்மா கிடந்த தன் தாத்தாவின் ஓட்டை, இடித்து வெள்ளைப் பொடியாக்கக் கொடுத்தார். நல்லபாம்பிடம் மட்டும் மைனா தள்ளி நின்றுதான் கேட்டாள்.

“போன வாரம் கழட்டிப்போட்ட சட்டை புதருக்குள்ள கிடக்கு, தாயி. கொஞ்சம் கிழிஞ்சிருக்கும், பரவாயில்லையா?” என்றது பாம்பு.

வேப்பமரத்துப் பெரியம்மா பிசின் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னாள். “நல்லாக் காயவச்சு மாட்டிக்கோ. ஈரத்தோட மேல பட்டுட்டா உச்சிப்பொழுதுக்குள்ள கழுவிடு. காய்ஞ்சதுக்கப்புறம் நானே வந்து உரிச்சாலும் வராது.”

மறுநாள் விடிந்ததும் மைனா வேலையை ஆரம்பித்தாள். பிசினைக் கல்லில் ஊற்றி, இழைத்த மஞ்சளைப் போட்டு, காலால் மிதித்துக் குழைத்தாள். முகமூடி முழுக்கப் பிசினில் குழைத்த கரியைப் பூசினாள். மஞ்சளை அலகாலேயே தொட்டுக் கண் ஓட்டையைச் சுற்றி வரைந்தாள். பன்னாடையை வளைத்துப் பாம்புச்சட்டையைப் போர்த்தி, இறக்கையைப் பிசின் கலந்த வெள்ளையில் முக்கிப் படத்தின்மேல் இரண்டு வளையம் போட்டாள்.

பொந்துக்குள்ளிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “ஒரு கண்ணு பெரிசா இருக்கே.”

“நீங்க முட்டையைப் பாருங்க.”

வண்ணம் இன்னும் ஈரமாகவே இருந்தது. அப்போது அடிமரத்தில் நகம் கீறும் சத்தம் கேட்டது. உச்சிப்பொழுது என்று சொன்ன உடும்பு, பசி தாங்காமல் காலையிலேயே வந்துவிட்டான்.

மைனா யோசிக்கவில்லை. ஈர முகமூடியை அப்படியே மாட்டி, தலையில் படத்தைக் கவிழ்த்துக்கொண்டு பொந்துக்குள் புகுந்தாள். பன்னாடை வலையாயிற்றே, கண்ணி வழியெல்லாம் வண்ணம் முகத்தில் வழிந்தது. உடும்பின் மூக்கு வாசலுக்கு வந்தபோது தலையை வெளியே நீட்டி, பாம்பு மாதிரியே நீளமாகச் சீறினாள்.

உடும்பின் பிடி நழுவியது. “அண்ணே, இது உங்க வீடுன்னு தெரியாது,” என்றபடியே கீழே விழுந்தான். விழுந்தவன் திரும்பிப் பார்க்காமல் ஓடினான். அதன்பின் அந்தப் பனைப்பக்கம் வரவே இல்லை.

சிரித்து முடித்து மைனா வேஷத்தைக் கழட்டினாள். வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்து, “யாரும்மா நீங்க?” என்றார். பிறகு, “பெரியம்மா சொன்னது ஞாபகம் இருக்கில்ல? போய்க் கழுவிட்டு வா,” என்றார்.

குளத்தில் குனிந்தவள் நிமிர்ந்தாள். கேட்கப் போகும்போது அப்படிப் பறந்தோமே, காரியம் முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவதா? முதலில் எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

ஒரு வார்த்தையோடு யார் விட்டார்கள்? மஞ்சள் அத்தைக்கு முழுக்கதையும் வேண்டியிருந்தது. கருவேல மரம், உடும்பு விழுந்த இடத்தை மட்டும் மூன்று முறை சொல்லச் சொன்னது. நத்தை மாமா நன்றியை வாங்கிக்கொள்ள ஓட்டைவிட்டு வெளியே வரவே அரைநாழிகை ஆயிற்று. பாம்பு, “எங்கே, எப்படிச் சீறினே?” என்று மறுபடி சீறச் சொல்லிக் கேட்டுச் சிரித்தது. கடைசியில் வேப்பமரத்திடம் வந்தபோது, “அடி பாவி, இன்னும் கழுவலையா?” என்றாள் பெரியம்மா. பொழுது சாய்ந்துவிட்டிருந்தது.

குளத்தில் மூழ்கி மூழ்கி எழுந்தாள். ஒன்றும் போகவில்லை. தலை கரியாகவே இருந்தது. கண்ணோரமும் அலகும் காலும் மஞ்சளாகவே இருந்தன, இறக்கையில் வெள்ளையும் அப்படியே. வீட்டுக்குப் பறந்தாள்.

“சீக்கிரம் வா, நாலும் பொரிஞ்சாச்சு,” என்றார் வீட்டுக்காரர். அவள் வந்த சத்தத்துக்கே நான்கு வாயும் ஒன்றாகத் திறந்தன. வாயோரமெல்லாம் மஞ்சள்.

“முகத்துச் சாயம் போகலையா? வருத்தமா இருக்கா?” என்று அவர் கேட்டார்.

மைனா குஞ்சுகளைப் பார்த்தாள். “போகாட்டி போகட்டும். கரி கருவேலம் கொடுத்தது, மஞ்சள் அத்தை கொடுத்தா, வெள்ளை நத்தை மாமா கொடுத்தாரு. குளத்துல குனிஞ்சா எல்லாரும் தெரியுறாங்க.”

பாம்புச்சட்டையை மெத்தையாகக் குஞ்சுகளுக்கடியில் விரித்தாள். பிறகு பனைமட்டையில் உட்கார்ந்து, கொடுத்தவர்கள் பேரை ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னாள். “பனையை விட்டுட்டியே,” என்று வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார்.

அன்று முதல்தான் மைனாக்கள் அந்த நிறத்தோடு பிறந்து வளர்கின்றன, கிடைத்தால் கூட்டில் பாம்புச்சட்டையும் விரிக்கின்றன. பொழுது சாயும் நேரம் ஒரே மரத்தில் கூடி, ஒன்று பேசுவதை இன்னொன்று கேட்காமல் கத்தித் தீர்க்கின்றனவே, அது சண்டையில்லை. இருட்டுவதற்குள் ஒருவர் பேரும் விட்டுப்போகாமல் சொல்லி முடிக்க வேண்டுமே, அந்த அவசரம்தான்.