சுவரில் ஓர் எண்ணெய்க் கறை

மெர்லின் டீச்சருக்கு முப்பத்துமூன்று வயது. அவளிடம் புகைப்படம் கற்க வந்த பொன்னுரங்கத்துக்கு அறுபத்தெட்டு. ஞாயிறு காலையில் கோவையில் ஒரு பூங்காவில் வகுப்பு. யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

பொன்னுரங்கம் பஞ்சு மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடிப் பல வருடமாயிற்று. தொழிலாளர்களுக்காக மில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அவர் குடியிருந்த வீட்டை வரும் புதன்கிழமை இடிக்கப்போகிறார்கள். அதற்குள் அந்த வீட்டை ஒரே ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதற்காகவே பழைய கேமரா ஒன்றை வாங்கியிருந்தார்.

டீச்சர் சொன்னதையெல்லாம் ஃபிட்டர் புத்தியோடு பிடித்துக்கொண்டார். படச் சட்டத்தை ஒன்பது கட்டமாகப் பிரிக்க வேண்டும். முக்கியமானதைக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் வைக்க வேண்டும். ஓரத்தில் எதையும் பாதியில் வெட்டக் கூடாது. டேப் வைத்து அளக்காததுதான் குறை. ஆனால் அந்த ஞாயிறு அவர் எடுத்துவந்த நாற்பது படத்திலும், கோடுகள் சந்திக்கும் இடத்தில், சுவரில் ஒரு கறுப்புக் கறை இருந்தது.

"கண்ணு நேரா அதுலதான் போய் நிக்குது. அதை விட்டுட்டு எடுங்க ஐயா," என்றாள் மெர்லின்.

அவர் மறுநாளே புதுப் படத்தோடு அவள் ஸ்டுடியோவுக்கு வந்தார். சுத்தமான சுவர், ஜன்னல் வெளிச்சம், குறை சொல்ல ஒன்றுமில்லை. மெர்லின் மனதாரப் பாராட்டினாள்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனாப் பாத்தா ஆரு ஊடோன்னு இருக்குது," என்றார் அவர்.

அந்தக் கறை என்ன என்று அப்போதுதான் அவள் கேட்டாள். நேற்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்காமல் விட்டது அவளுக்கு உறுத்தியது.

அவருடைய மனைவி சரசாத்தாள், மில்லில் நாலு மணிச் சங்கு ஊதுவதற்குள் வீட்டு வேலையை முடித்துத் தலைவாரிக்கொண்டு, அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவருக்காகக் காத்திருப்பாளாம். முப்பத்தொரு வருடத் தேங்காய் எண்ணெய் சுவரில் ஊறியிருக்கிறது. அவள் போய் ஆறு வருடமாகிறது. அப்படி உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை.

"கொஞ்ச நேரம் அப்பிடியே உக்காந்திருன்னு சொல்லோணும்னு நெனப்பேன். என்னையக் கண்டதும் எந்திரிச்சிருவா, டீ வெக்கறதுக்கு."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மெர்லின் அவரோடு லைன் வீட்டுக்குப் போனாள். சாமான்களெல்லாம் போய் வீடு காலியாகக் கிடந்தது. பொன்னுரங்கம் நடு அறையில் நின்றுகொண்டு, கறையை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று கேட்டார்.

வேலை முடிந்து வரும்போது எங்கே நின்று அந்த அம்மாவைப் பார்ப்பீர்கள் என்று மெர்லின் திருப்பிக் கேட்டாள். அவர் வாசலைக் காட்டினார். படியில் நின்று செருப்பைக் கழற்றும்போதே தெரிவாளாம்.

"அங்க போங்க."

அவர் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். திரும்ப வந்து படியில் ஒரு காலை வைத்து, ஒரு செருப்பைக் கழற்றி, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் பட்டனை அழுத்தவில்லை.

"தப்பாகுதுங்க டீச்சர். கதவு பாதியில வெட்டுது. அவ ஒரு மூலைக்குப் போயிட்டா. கட்டத்துல நிக்க மாட்டீங்கறா."

மெர்லின் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சீக்கிரம் எடுங்க ஐயா. அம்மா எந்திரிச்சிருவாங்க."