உலகம்மையின் பள்ளம்

கடலோரத்து ஊர்களுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத காலம் அது. அப்போது உலகம்மை என்ற பெண்ணுக்கு ஓர் அநியாயம் நடந்தது. முதலில் அதைக் கேளுங்கள். அவளும் புருஷனும் வரப்புக் கட்டி உண்டாக்கிய உப்புப் பாத்திகளை, புருஷன் கடலோடு போன மறுமாதமே, உப்பளத்துத் தலைவர் பிச்சாண்டி தன் மருமகனுக்குக் கொடுத்துவிட்டார். அவளுக்கென்று விட்டது, யாரும் சீண்டாத ஒரு பள்ளம்.

“எல்லாம் அவன் செயல். பொறுத்துக்கோம்மா” என்றார் பிச்சாண்டி.

“பிடுங்கினது நீங்க அண்ணாச்சி. அதைக் கடவுள் தலையில கட்டாதீங்க” என்றாள் உலகம்மை.

நியாயமான பேச்சுதானே? ஆனால் ஊரில் ஒருவரும் அவள் பக்கம் நிற்கவில்லை.

முதல் வருஷம் பள்ளத்தில் கடல்நீர் பாய்ச்சினாள். காலம் தப்பிய மழை வந்து கெடுத்தது. இரண்டாம் வருஷம் பாய்ச்சினாள். பேரலை வந்து வரப்பை உடைத்தது. மூன்றாம் வருஷமும் பாய்ச்சினாள். மழை இல்லை, அலை இல்லை, உப்பும் இல்லை. பக்கத்துப் பாத்திகளில் வெள்ளைக் குவியல்கள் எழும்ப, அவள் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது.

விடிந்ததும் கரையில் நின்று சாமியோடு சண்டை போடுவாள். “பார்த்துக்கிட்டுத்தான் இருக்கியா? என் வயித்துக்கு என்ன வழி?” வானம் பேசாது. அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பைப் பூசப் போய்விடுவாள்.

“மதினி, ஒங்க சாமிக்குக் காது மந்தமோ?” என்று சிரித்தாள் நாத்தனார் சடைச்சி.

“இல்லாத ஆள்கிட்ட யாராவது சண்டைக்குப் போவாங்களா? போடி!”

அந்த அளத்தில் ஒரு வழக்கம். மடை திறந்து பாத்தி நீரைக் கடலுக்கு விட்டவர், அந்தப் பாத்தியையே விட்டவர். பிறகு உரிமை கேட்க முடியாது. பள்ளத்தையும் பறித்துக்கொள்ள நினைத்த பிச்சாண்டி மூன்று தரம் வந்தார்.

“செத்த தண்ணிம்மா இது. திறந்து விட்டுரு” என்றார். அவள் திறக்கவில்லை.

“என் வீட்டுல வேலை தாரேன், திறந்து விடு” என்றார். அவள் திறக்கவில்லை.

மூன்றாம் தரமும் வந்தார். அவளுடைய காலிக் கஞ்சிக் கலயத்தைக் காலால் உருட்டிவிட்டுச் சிரித்தார்.

உலகம்மையின் கை மடைப்பலகைக்குப் போனது. உச்சி வெயில், பசியில் கண் இருட்டியது. பலகையைப் பிடித்தபடியே சொன்னாள்: “சாமி, என் கோபம் தீரலை. ஆனாலும் உன்னை விட்டுப் போகமாட்டேன்.” கையை எடுத்தாள். வரப்பில் உட்கார்ந்தாள்.

காற்று நின்றது. அசையாத நீரின்மேல் ஒரு பொட்டு வெள்ளை பூத்தது. அதனருகில் இன்னொன்று. பார்க்கப் பார்க்கப் பள்ளம் முழுக்கப் பூத்துப் பூத்து, கனம் தாங்காமல் அடியில் இறங்கிற்று. பக்கத்துப் பாத்தியில் நின்ற சடைச்சி சிரிப்பை மறந்து கைகூப்பினாள். பிச்சாண்டி கையை நீருக்குள் விட்டார். கை தரைக்குப் போகவில்லை. அந்த ஆழமெல்லாம் உப்பு! முல்லை மொட்டுப் பருமனில், கண் கூசும் வெள்ளையில், அந்த அளம் அதுவரை காணாத உப்பு.

அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்:

“இத்தனை காலமும் உன் சாமி ஒரு வார்த்தை சொல்லலையே. எதை நம்பித் தாயி காத்துக் கிடந்தே?”

உலகம்மை சொன்னாள்: “கண்ணுக்குத் தெரியாதபோதும் உப்பு இந்தத் தண்ணிக்குள்ளதான் இருந்துச்சு அண்ணாச்சி, துன்பக் காலத்துல கடவுளும் அப்படித்தான் கூடவே இருக்கார்னு நம்பிக் காத்திருக்கணும்.”