சாமியார் கொக்கு கழுவிய கால்

ஒரு காட்டில் கொக்குகளும் காகங்களும் ஒரே கோயிலில் ஜெபித்து வந்தன. ஒரே கோயில்தான். ஆனால் கொக்குகளுக்கு முன்வரிசை, காகங்களுக்குக் கதவோரம்.

செத்த பிறகும் அப்படியே. கல்லறைச் சுவருக்கு உள்ளே, வெள்ளை மணலில் கொக்குகள். வெளியே, செம்மண்ணில் காகங்கள். அங்கே புதைத்த உடலை நரி தோண்டி இழுத்துவிடும்.

எல்லாக் குழிகளையும் வெட்டுவது காகங்கள். கொக்குகளுக்கோ காகத்தைத் தொட்டாலே தீட்டு. செத்த காகம் என்றால் கேட்கவே வேண்டாம்.

இயேசு சீடர்களின் காலைக் கழுவிய பெரிய வியாழனன்று மட்டும் விலக்கு. அன்று சாமியார் கொக்கு ஒரு காகத்தின் காலைக் கழுவி, முத்தமிட்டு, எல்லாரும் பார்க்க அழும். அந்தக் காகம் நன்றாகக் குளித்துவிட்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த ஆண்டு கழுவத் தேர்ந்தெடுத்தது குழிவெட்டி சூசைக் காகத்தின் காலை. புதன்கிழமை சூசையின் மனைவி அருளாயி இறந்துபோனது.

"சாமி, அவளைச் சுவருக்கு உள்ளே வைக்க இடம் கொடுங்க. வெளியே வைத்தால் நரி விடாது" என்று சூசை அழுதது.

"கிறிஸ்துவுக்குள் நாம் ஒரே சரீரம், சூசை. ஆனால் கல்லறை கொக்குப் பேரவைக்குச் சொந்தம். நாளைக்கு மறக்காமல் குளித்துவிட்டு வா" என்றது சாமியார் கொக்கு.

சூசை குளிக்காமல் வந்தது. சாமியார் உருக்கமாகக் கழுவக் கழுவ, தாம்பாளத்தில் வெள்ளை மணல் படிந்தது. முத்தமிடக் குனிந்த அலகு பாதியில் நின்றது.

"இது உள்ளே இருக்கிற மணலாச்சே!"

"ஆமாம் சாமி. விடிகிற நேரத்தில் அருளாயியை உள்ளேதான் அடக்கம் செய்தோம்."

"தோண்டி எடு!"

"நாங்கள் எடுக்க மாட்டோம் சாமி. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்."

கொக்குகள் ஒன்றையொன்று பார்த்தன.

"எனக்கு மூட்டுவலி" என்றது பேரவைத் தலைவர் கொக்கு.

"என் வீட்டில் கல்யாணம். தீட்டு ஆகாது" என்றது இன்னொன்று.

"நரியிடம் சொல்லிப் பார்க்கலாமா?"

"அடப் பாவி! அது நம் தாத்தாவையும் சேர்த்துத் தோண்டிவிடுமே!"

கடைசிவரை ஒரு கொக்கும் முன்வரவில்லை. அருளாயி படுத்த இடத்திலேயே உறங்கியது.

உயிர்ப்பு ஞாயிறன்று அந்தக் குழிமேல் ஒரு கல் நின்றது. 'கொக்குகளின் பெருந்தன்மையால் உண்டான ஒப்புரவின் சின்னம்' என்று அதில் கொக்குகள் செதுக்கியிருந்தன. சாமியார் கொக்கு அதை மந்திரித்துவிட்டுச் சூசையைக் கூப்பிட்டது.

"நாலு பேர் கேட்க நன்றி என்று ஒரு வார்த்தை சொல், சூசை."

"தாராளமாகச் சொல்கிறேன் சாமி. உங்கள் தீட்டுக்குத்தான் என் நன்றி. அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், என் அருளாயியை அன்றைக்கே தூக்கி வெளியே போட்டிருப்பீர்கள்."

நீதி: கல்லறையில் பக்கத்தில் படுக்கக் கூசுகிறவன் கோயிலில் காலைக் கழுவுவது அன்பு அல்ல, கூத்து.