வாக்குத் தவறாத கிருமி

கிருமிகளுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி வைத்தியம் சுலபம். சிறுநீர்க் குழாய் மாட்டிய நோயாளியின் கட்டிலோரம் ஒரு பை தொங்கும். தினமும் காலையில் நர்ஸ் அதில் காதை வைப்பாள். உள்ளே கிருமிகள் பேர் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். பேர் தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும். கடைசிக் குரல் அடங்கும்வரை மாத்திரை உண்டு.

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த பவுனம்மாளுக்குக் குழாய் வழியே கிருமி ஏறிக் காய்ச்சல் கொதித்தது. நேரத்துக்கு மாத்திரை கொடுப்பது புருஷன் சங்கிலியின் பொறுப்பு. அவருக்குப் பெண்டாட்டி என்றால் உயிர். பொறுமைதான் கிடையாது.

ஏழு நாள் மாத்திரையில் நாலாம் நாளே காய்ச்சல் விட்டது.

"மாத்திரையைப் பாத்தாலே குமட்டுது. வீட்டுக்குப் போயிடுவோங்க," என்றாள் பவுனம்மாள்.

சங்கிலி பையில் காதை வைத்தார். ஒரே ஒரு குரல், நூலாக வந்தது.

"ஐயா, எங்க சனம் பூராவும் போயிருச்சு. நான் ஒண்டிதான் மிச்சம். விட்டுருங்க. இனி வாயே திறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. என் பிள்ளைகளும் திறக்காது."

எந்தப் பிள்ளைகள் என்று கேட்டிருக்க வேண்டாமா அந்த மனுஷன்? கேட்கவில்லை. நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. மிச்ச மாத்திரை அடுத்த தடவைக்கு ஆகும் என்று வேட்டியில் முடிந்துகொண்டார்.

மறுநாள் நர்ஸ் ஜெசிந்தா காதை வைத்தாள். சத்தமில்லை. குழாயைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பினாள்.

மூன்றே நாளில் பவுனம்மாள் வெடவெடவென்று நடுங்கினாள். முடிந்துவைத்த மாத்திரையைச் சங்கிலி கொடுத்துப் பார்த்தார். காய்ச்சல் அசையவில்லை. நாலு நாள் அந்த மாத்திரையோடு பழகிய கிருமி, அதற்குத் தப்பும் வித்தையை வாய் திறக்காமலே பிள்ளைகளுக்கெல்லாம் பழக்கியிருந்தது.

மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி குழாய். பை கலங்கலாக நிறைந்தது. ஜெசிந்தா வெகுநேரம் காதை வைத்திருந்தாள்.

"உள்ள கோடிக்கணக்குல இருக்கு பெரியவரே. ஆனா ஒண்ணுகூடப் பேச மாட்டேங்குது. பேர் தெரியாம எந்த மருந்தைக் குடுக்க?"

சங்கிலி பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உன்னை அன்னைக்கு விட்டேனே. நீ யாருன்னு ஒரு வார்த்தை சொல்லு. என் பவுனு செத்துருவா."

பை கதகதப்பாக இருந்தது. பதில் இல்லை. அவர் கெஞ்சக் கெஞ்ச, பேர் சொல்லாவிட்டால் பிழைக்கலாம் என்று புரிந்து, பக்கத்துக் கட்டில் பைகளிலும் பேச்சு ஒவ்வொன்றாக நின்றுபோனது. பொழுது சாய்வதற்குள் வார்டு முழுக்க நிசப்தம். மறுநாள் பவுனம்மாள் இறந்தாள்.

அன்று அடைத்த வாய்தான். இன்றும் சிறுநீரைக் குப்பியில் பிடித்து, லேபில் வளர்த்து, கிருமியின் பேரும் அது எந்த மருந்துக்குச் சாகும் என்பதும் தெரிய நாள்கணக்கில் காத்திருக்கிறோம். சிலது எதற்குமே சாவதில்லை. கொடுத்த வாக்கை மட்டும் கிருமி இன்றுவரை மீறவில்லை.