நான்காவது சீட்டு

குருவுக்கு வயது நாற்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்து இரண்டு. முறை தலைகீழ்தான். இருவருக்கும் அதில் வருத்தம் இல்லை.

குரு செண்பகவல்லி, மலைமேல் இருந்த பறவை ஆய்வகத்தின் தலைவி. சீடர் இருதயராஜ், ஓய்வுபெற்ற வனக்காவலர். பென்ஷன் வாங்கும் வயதில் ஆராய்ச்சி செய்ய வந்தவரை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. செண்பகவல்லி சேர்த்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை இருதயராஜ் தயங்கித் தயங்கி மேசை முன் வந்து நின்றார்.

“டீச்சர், நம்ம சோலைக்குருவி சிலம்பன் வகைன்னு நீங்கதானே எழுதினீங்க?”

“ஆமாண்ணே. பன்னெண்டு வருஷ உழைப்பு. அதுக்கென்ன?”

“அதோட குஞ்சுங்களப் பார்த்தேன். நெஞ்செல்லாம் புள்ளி. சிலம்பன் குஞ்சுக்கு ஏது புள்ளி? ஈப்பிடிப்பான் குஞ்சுக்குத்தானே இருக்கும்? ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொல்லுது.”

சட்டைப்பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். மடித்து மடித்து ஓரமெல்லாம் நைந்திருந்தது.

“எப்ப வந்துச்சு?”

“பத்து நாளாச்சு. யாருக்கும் காட்டல. நீங்க சொன்னா கிழிச்சுப் போட்டுடுறேன். உங்க பேரக் கெடுத்து எனக்கு ஒரு பட்டம் வேணாம், டீச்சர்.”

செண்பகவல்லி வரிவரியாகப் படித்தார். அவர் முகம் வாடத்தான் செய்தது. இருதயராஜால் அதைப் பார்க்க முடியவில்லை.

“இதுக்குத்தான் பத்து நாளா சரியாச் சாப்பிடலையா? உடம்புக்கு என்னவோன்னு பயந்துட்டேன் நான். வாங்க.”

உள்ளறையில் ஓர் இழுப்பறையைத் திறந்தார். நூறு வருடங்களுக்கு முன் பஞ்சடைத்து வைத்த சோலைக்குருவி மல்லாந்து கிடந்தது. குச்சிக் காலில் நூலால் கட்டிய மூன்று சீட்டுகள். முதல் சீட்டு அதைப் பூங்குருவி என்றது. இரண்டாவது, சின்னான் என்றது. சிலம்பன் என்ற மூன்றாவது சீட்டு செண்பகவல்லியின் கையெழுத்தில் இருந்தது.

இருதயராஜ் அவசரமாகக் கத்தரிக்கோலை எடுத்து அந்த மூன்றாவது சீட்டின் நூலில் வைத்தார். நாலு பேர் பார்க்குமுன் எடுத்துவிட வேண்டும் அவருக்கு.

“வெட்டாதீங்க. இங்க எந்தச் சீட்டையும் எடுக்குற வழக்கமில்ல. உங்களோடத எழுதி இதுகூடவே கட்டுங்க.”

“ரெண்டாவது யார் எழுதினது?”

“என் வாத்தியார். நான் மூணாவதக் கட்டுனப்ப குருவியப் பிடிச்சுக்கிட்டவரும் அவர்தான்.”

சொல்லிவிட்டுக் குருவியை எடுத்து இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்தார்.

இருதயராஜ் எழுதினார். கட்டினார். முடிச்சுப் போட்டுவிட்டு, மிச்ச நூலை நறுக்கப் போனார்.

“ஒட்ட நறுக்காதீங்கண்ணே. அஞ்சாவது சீட்டு கட்ட இடம் வேணும்ல? உங்ககிட்டப் படிக்க யாராச்சும் வராமலா போயிடுவாங்க?”